சீருடையில் கடைசி ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. மீன்குழம்பு முடிந்து ரசத்துக்கு வந்த நேரம். வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் திடீரென்று கேட்டாள்: “சித்தப்பா, நம்ம நாட்டுலதான் சண்டையே இல்லையே. அப்புறம் தோள்ல மூணு நட்சத்திரத்தோட ஒருத்தரு இருக்காரே, அவரு தினமும் ஆபீசுக்குப் போயி என்னதான் செய்வாரு?”

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எதை நினைத்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் பாயசத்துக்குப் போய்விட்டேன். ரயிலில் வீடு திரும்பும்போதுதான், அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அவளுக்குச் சொல்லாததை இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன்.

2019 ஜனவரி. தொடக்கக் கல்லூரி முடித்த மகனைப் புலாவ் தெக்கோங்கில் கொண்டுபோய் விட்டோம். இப்போதெல்லாம் பெற்றோரையும் படகில் ஏற்றித் தீவுக்கு அழைத்துப் போகிறார்கள். பிள்ளை படுக்கப்போகும் கட்டிலைக் காட்டுகிறார்கள், உணவுக்கூடத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள். நான் போன 1989-இல் இதெல்லாம் இல்லை. என் அப்பா பேருந்து நிறுத்தம்வரை வந்தார், பத்து வெள்ளியைச் சட்டைப்பையில் திணித்தார், “பாத்து இருடா” என்றார். அவ்வளவுதான். தெக்கோங்கில் என் மனைவி தலையணையை அழுத்திப் பார்த்தாள், காற்றாடி எத்தனை என்று எண்ணினாள், கோழிக்கறியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மகன் தட்டிலிருந்து எடுத்துச் சுவைத்தாள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தபோதுகூட அவள் அழவில்லை. திரும்பும் படகில்தான் அழுதாள்.

முதல் இரண்டு வாரம் தீவை விட்டு வெளியே விடமாட்டார்கள். அந்த இரண்டு வாரம் முடிந்து பையன் முதல்முறையாக வீட்டுக்கு வரவேண்டிய அதே வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நடிகர் அலாய்சியஸ் பாங். வயது 28. முழுநேர தேசிய சேவையை எப்போதோ முடித்தவர், போர்க்காலப் படைப் பயிற்சிக்காக நியூசிலாந்தின் வையூரு பயிற்சிக்களத்துக்குப் போயிருந்தார். ஜனவரி 19 அன்று தானியங்கிப் பீரங்கி வண்டிக்குள் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தபோது பீரங்கிக் குழல் கீழே இறங்கியதில் நசுங்கினார். நான்கு நாள் கழித்து, 23-ஆம் தேதி, உயிர் போனது. அதற்கு முந்தைய ஆண்டிலும் வெப்பத்தாக்கால் ஒரு தேசிய சேவையாளர், பயிற்சிக்களத்தில் ராணுவ வாகனம் மோதி இன்னொருவர் என்று இழப்புகள் இருந்தன. ஆனால் இந்த முகம் எல்லா வீட்டு வரவேற்பறைக்கும் பழகிய முகம். சீன நாடகம் பார்க்காத எங்கள் வீட்டிலும் அவரைத் தெரிந்திருந்தது.

மறுநாள் தொலைக்காட்சியில் சீருடை அணிந்த ஒருவர் செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்து பேசினார். மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“இவரு யாருங்க?”

“மெல்வின் ஓங். தற்காப்புப் படைத் தலைவர்.”

“அப்படின்னா?”

“நம்ம பையனுக்கு மேல இருக்கற எல்லாருக்கும் மேல இருக்கறவரு.”

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “இவரு பிள்ளைங்களுக்கு என்ன வயசு இருக்கும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

லெஃப்டினென்ட் ஜெனரல் ஓங் பொறுப்பேற்றுப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. பயிற்சியின் வேகத்தையும் கால அளவையும் எல்லாப் படைகளிலும் குறைக்கச் சொல்லியிருப்பதாக அன்று அறிவித்தார். பயிற்சிப் பாதுகாப்பைக் கண்காணிக்க இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் ஒன்றும் அதையடுத்து அமைக்கப்பட்டது. பிரிகேடியர் ஜெனரல் ஒருவர் தலைமையில் இயங்கும் அந்த அலுவலகம், இடையில் யாருக்கும் இல்லாமல் நேராகத் தற்காப்புப் படைத் தலைவருக்கே பதில் சொல்லும் என்று ஏற்பாடு. கார்ப்பரலாக இரண்டரை ஆண்டு ஓட்டியவன் என்பதால் இதன் கனம் எனக்குப் புரிந்தது. படையில் ஒரு கெட்ட செய்தி மேலே ஏற ஏற இளைத்துக்கொண்டே போகும். பிளட்டூனில் ‘ஆபத்து’ என்று எழுதப்பட்டது கம்பெனியில் ‘கவனிக்க வேண்டியது’ ஆகும், பட்டாளத்தில் ‘சிறு தாமதம்’ ஆகும். படிகளையெல்லாம் தாண்டி ஒரு வழி வேண்டும் என்று அப்போது யாரோ உணர்ந்திருக்கிறார்கள்.

என் மனைவி பிடித்துக்கொண்டது வேறொன்றை. “குறைக்கணும்னா ஒரே நாள்ல குறைக்க முடியுதுல்ல” என்றாள். அதில் ஆறுதலும் இருந்தது, கோபமும் இருந்தது. எது அதிகம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வார இறுதியில் மகன் மொட்டைத் தலையோடு வந்தான். பிரியாணியைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, தான் மனப்பாடம் செய்த பெயர் வரிசையை ஒப்பித்துக் காட்டினான். செக்‌ஷன் கமாண்டர், பிளட்டூன் கமாண்டர், கம்பெனிக்குப் பொறுப்பானவர், பயிற்சிப் பள்ளித் தலைவர் என்று படிப்படியாக ஏறி, ராணுவத் தலைவர், அதற்கு மேல் தற்காப்புப் படைத் தலைவர். படங்கள் சுவரில் மாட்டியிருக்குமாம், தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டுமாம்.

“அவரு வரைக்கும்தாம்மா யூனிஃபார்ம். அதுக்கு மேல எல்லாம் கோட்டு சூட்டு” என்றான்.

பிள்ளை விளையாட்டாகச் சொன்னது. ஆனால் அந்தப் பதவியை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

நாட்டின் மிக மூத்த ராணுவ அதிகாரி என்றதும், போரா சமாதானமா என்று முடிவு செய்பவர் அவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது பிரதமரும் அமைச்சரவையும் எடுக்க வேண்டிய முடிவு. தற்காப்புப் படைத் தலைவருக்கு மேலே தற்காப்பு அமைச்சர் இருக்கிறார். பக்கத்திலேயே, சீருடை இல்லாத நிரந்தரச் செயலாளர்கள் இருக்கிறார்கள். கொள்கை, பணம், புதிய ஆயுதங்களை வாங்குவதும் உருவாக்குவதும் என்று பெரிய பகுதி அவர்கள் மேசைக்குப் போகும். ஆயுதப் படை மன்றம் என்று சட்டப்படி ஒன்று உண்டு; அதற்குத் தலைவர் அமைச்சர்தான், படைத் தலைவர்கள் அதில் உறுப்பினர்கள். ஆக, போர் விமானம் பிடித்திருக்கிறது என்பதற்காக ஜெனரல் ஒருவர் கடைக்குப் போய் வாங்கி வந்துவிட முடியாது.

நியமனத்திலும் ஒரு பூட்டு இருக்கிறது. அமைச்சரவை பரிந்துரைக்கும் பெயரை அதிபர் ஏற்காமல் மறுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. ஆயுதம் தாங்கியவர்களின் தலைவரை ஓர் அரசாங்கம் தன் இஷ்டப்படி மட்டும் மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. நம் எஸ்.ஆர்.நாதன் அதிபராக இருந்த 1999 முதல் 2011 வரையிலான காலத்தில் நான்கு தற்காப்புப் படைத் தலைவர்கள் பதவியேற்றார்கள். ராணுவம் என்றால் என்னவென்று அறியாமல் கையெழுத்துப் போட்டவர் அல்லர் அவர். எழுபதுகளில் தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 1974-இல் லாஜு படகுக் கடத்தலின்போது, பிணையாளிகளை விடுவிக்க, கடத்தல்காரர்களோடு ஒரே விமானத்தில் குவைத் வரை பறந்த அதிகாரிகள் குழுவை வழிநடத்தியவர்.

மற்ற நாடுகளில் இந்தப் பதவியின் அமைப்பு வேறு வேறாக இருக்கிறது. அமெரிக்காவில் கூட்டுப் படைத் தலைவர்கள் குழுவின் தலைவர்தான் மிக மூத்த அதிகாரி, ஆனால் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் ஆலோசகர் மட்டுமே. ஒரு பட்டாளத்துக்குக்கூட அவர் நேரடியாகப் போர்க் கட்டளை இட முடியாது. இங்கே அப்படியில்லை. நம் தற்காப்புப் படைத் தலைவர் ஆலோசனையும் சொல்ல வேண்டும், கட்டளையும் இட வேண்டும். ஜொகூரில் இருக்கும் என் மைத்துனர், மலேசியாவின் ஆயுதப் படைத் தலைவருக்கு நான்கு நட்சத்திரம், உங்களுக்கு மூன்றுதானே என்று சீண்டுவார். பதிலுக்கு நான் எங்கள் ரயிலைப் பற்றிப் பெருமை பேசுவேன். அதுவும் இப்போதெல்லாம் எடுபடுவதில்லை. ரயில் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

1965-இல் தனி நாடானபோது நம்மிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். 1967-இல் தேசிய சேவை வந்தது. அப்போது தலைமைப் பதவிக்கு இன்றைய பெயர் கிடையாது. 1970 முதல் 1974 வரை அந்த இடத்தில் இருந்தவர் கிர்பா ராம் விஜ், பஞ்சாபி. சாஃப்டி பயிற்சிக்கழகத்தைத் தொடங்கி நடத்தியவரும் அவர்தான். “ராணுவத்துக்கே பெரிய ஆளு நம்ம ஊரு ஆளுதான்டா” என்று என் அப்பா துறைமுகத்து நண்பர்களிடம் சொல்லிக்கொள்வாராம். தமிழர் இல்லையே என்றால், “இந்தியர்தானே, போதும்” என்பாராம்.

அவருக்குப் பிறகு வந்தவர் வின்ஸ்டன் சூ. முதல் அதிபர் யூசோப் இஷாக்கின் ராணுவ உதவியாளராக இருந்தவர். முப்பதுகளின் தொடக்கத்தில் தலைமைக்கு வந்து, 1974 முதல் 1992 வரை 18 ஆண்டுகள் இருந்தார். இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத காலம். அவர் இருக்கும்போதுதான், 1990-இல், பதவிக்குத் தற்காப்புப் படைத் தலைவர் என்று பெயர் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. தரைப்படைக்குத் தனியாக ஒரு தலைவர் வந்தார். மூன்று படைகளுக்கும் மேலே, எதற்கும் சொந்தமில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டிருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள் ஆளுக்கொரு சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு, அடுப்பு ஒன்றுதான் என்று சொல்ல ஒரு பெரியவர் தேவைப்படுவதுபோல. 1995-இல் முதல்முறையாக ஆகாயப்படையிலிருந்து ஒருவர், பே சூ கியாங், அந்த நாற்காலிக்கு வந்தார். கடற்படைக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் மின்னிலக்க, உளவுச் சேவை என்று நான்காவது படையும் 2022-இல் பிறந்துவிட்டது.

நான் சேவையில் இருந்தபோது எங்கள் முகாம் சுவரிலும் வின்ஸ்டன் சூ படம் இருந்தது. மேலிருந்து யாராவது ஒரு ஜெனரல் வருகிறார் என்றால் மூன்று நாள் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. சாக்கடை மூடியைக்கூடத் தேய்த்தோம். புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிக்காததுதான் பாக்கி. அவர் வருவார், இருபது நிமிடம் நடப்பார், போய்விடுவார். அன்று கழிப்பறையில் சோப்பு இருக்கும், மறுநாள் இருக்காது. மேலே இருப்பவர் கண்ணுக்கு உண்மை எப்போதுமே துடைத்து வைக்கப்பட்ட பிறகுதான் தெரியும். அந்த வேலையின் பெரிய சிரமமே அதுதானோ என்று இப்போது நினைக்கிறேன்.

கீழிருந்து உண்மையை வாங்குவது பாதி வேலை. மேலே இருப்பவரிடம் அதைச் சொல்வது மறுபாதி. இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது இந்தியத் தளபதி சாம் மானெக்‌ஷாவைத்தான். 1971 ஏப்ரலில், கிழக்குப் பாகிஸ்தானுக்குள் உடனே படையை அனுப்ப முடியுமா என்று இந்திரா காந்தி கேட்டதாகவும், மழைக்காலம் வருகிறது, படை தயாராக இல்லை, இப்போது போனால் தோற்போம் என்று அமைச்சர்கள் முன்னாலேயே தாம் மறுத்ததாகவும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கதையில் அவர் கொஞ்சம் மசாலா சேர்த்துவிட்டார் என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனால் போர் டிசம்பரில்தான் நடந்தது, 13 நாளில் முடிந்தது. ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வாழ்ந்து, 2008-இல் அங்கே வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் இன்னமும் அவர் வீட்டை விசாரிக்கிறார்கள்.

நம் ஊரில் அப்படிப்பட்ட கதைகள் வெளியே வருவதில்லை. மூடிய அறையில் நடப்பது அறையோடு போய்விடும். அதனாலோ என்னவோ, காப்பிக்கடையில் நாமே ஒரு பெயர் வைத்துவிட்டோம்: ‘பேப்பர் ஜெனரல்’. குண்டுச் சத்தம் கேட்காதவர்கள், உபகாரச் சம்பளத்தில் வெளிநாட்டில் படித்து வந்து, மளமளவென்று பதவி உயர்ந்து, நாற்பதுகளில் ஓய்வு பெற்று, அரசாங்கத்திலோ பெரிய நிறுவனத்திலோ போய் உட்காருகிறவர்கள் என்பது குற்றச்சாட்டு. நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவன்தான். அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். தற்காப்புப் படைத் தலைவராக இருந்த டெஸ்மண்ட் குவெக் 2012-இல் எஸ்எம்ஆர்டி நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆனார். 2018-இல் அவர் விலகியதும் வந்தவர் நியோ கியன் ஹோங். அவரும் முன்னாள் தற்காப்புப் படைத் தலைவர். ரயில் தடைபட்ட செய்தி வரும்போதெல்லாம் ஜெனரல்களைப் பற்றிய கேலியும் கூடவே வந்தது. இங் சீ மெங் 2015-இல் படையை விட்டு விலகி அதே ஆண்டுத் தேர்தலில் நின்றார். போன மாதம் வரை எல்லாக் கட்சிக்காரன் பிள்ளைக்கும் பொதுவாக இருந்த ஒருவரை, அடுத்த மாதம் ஒரு கட்சியின் சுவரொட்டியில் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. சட்டப்படி அதில் தவறில்லை. ஆனாலும் இடையில் ஓரிரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். நீங்கள் மாறுபடலாம்.

ஆனால் போர் பார்க்காதவர் என்ற கேலியை மட்டும் நான் விட்டுவிட்டேன். அதை விட வைத்தது 2020.

அந்த ஆண்டு பிப்ரவரி தொடக்கத்தில் மகன் தொலைபேசியில், “அம்மா, இன்னிக்கு முழுக்க முகக்கவசம்தான் கட்டினேன்” என்றான். நாட்டில் உள்ள 13 லட்சம் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு நான்கு என்று 52 லட்சம் முகக்கவசங்களை ராணுவ வீரர்கள் பொட்டலம் போட்டார்கள். துப்பாக்கி பிடிக்கப் போன பிள்ளை நான்கு நான்காக எண்ணிக்கொண்டிருந்தான். நாங்கள் சிரித்தோம். ஏப்ரலில் அந்தச் சிரிப்பு நின்றது. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் தொற்று பரவியபோது, அங்கே அனுப்பப்பட்ட உதவிக் குழுக்களில் ராணுவத்தினரும் இருந்தார்கள். என் மகனும் ஒரு விடுதிக்குப் போனான். சாப்பாடு வந்ததா, காய்ச்சல் இருக்கிறதா, ஊருக்குப் பேச தொலைபேசி அட்டை கிடைத்ததா என்று கேட்கும் வேலை. வீட்டில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பையன், புதுக்கோட்டைக்காரரிடமும் கடலூர்க்காரரிடமும் நாள் முழுக்கத் தமிழில் பேசிவிட்டு வந்தான். “அண்ணே, தம்பின்னுதான்பா கூப்பிடுறாங்க” என்றான்.

சில வாரத்துக்கு முன் காட்டில் குழி வெட்டிக்கொண்டிருந்த ஒரு படை எப்படி விடுதி வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிற்கிறது? யாரோ ஒருவர் எந்தப் பிரிவு, எத்தனை பேர், எந்தப் பயிற்சியை நிறுத்துவது, எல்லையைக் காவல் காப்பவர்களில் எவரைத் தொடக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்படைக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் சுமத்ராவின் மெலாபோவுக்கு விரைந்ததும் அப்படித்தான். தற்காப்புப் படைத் தலைவர் ஒவ்வொரு லாரியையும் எண்ணுவதில்லை. ஆனால் ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் எவ்வளவு மெலியும் என்று அமைச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் அவர்தான். மெலிந்த பக்கத்தில் ஏதாவது நடந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

அண்ணன் மகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இது. அவர் ஆபீசுக்குப் போய், நடக்காமல் இருக்க வேண்டிய ஒரு காரியத்துக்காகத் தயாராகிக்கொண்டிருக்கிறார். அந்தத் தயாரிப்புக்கு உன் தம்பியின் இரண்டு ஆண்டு தேவைப்படுகிறது. சம்பளத்துக்கு வேலை செய்யும் படையாக இருந்தால் விஷயம் வேறு. அதில் சேருகிறவன் தானாகச் சேருகிறான். நம்முடையது சட்டம் போட்டுப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கும் படை. 1967 முதல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய் வந்திருக்கிறார்கள். கேட்டு வாங்கியவர்கள், திருப்பிக் கொடுக்கும்போதும் ஒரு முகத்தைக் காட்ட வேண்டும். அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொல்வார், அது வேறு. படைக்குள்ளிருந்து, அதே சீருடையில், நான்தான் பொறுப்பு என்று நிற்க ஒருவர் வேண்டும். அவருக்கு மேலே கோட்டும் சூட்டும் என்பதால், அந்த வரிசையில் அதைக் கடைசியாகச் சொல்ல முடிகிறவர் அவர்தான்.

பயிற்சியைக் கடுமையாக்கினால் ஒரு தாய் பயப்படுவாள், இலகுவாக்கினால் ஒருநாள் ஊரே பயப்பட வேண்டியிருக்கும். 2019-க்குப் பிறகு பயிற்சி மறுபடி பழைய வேகத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. எவ்வளவு வேகம் சரி என்பதற்கு வாய்ப்பாடு எதுவும் கிடையாது. என் மகன் 24 கிலோமீட்டர் நடந்து முடித்து மரினா பே மிதக்கும் மேடையில் தொப்பியை வீசிய அன்று, அவன் குதிகால் கொப்புளங்களைப் பார்த்து என் மனைவி ராணுவத்தையே திட்டினாள். அடுத்த நிமிடமே பக்கத்தில் நின்ற மலாய் அம்மாவிடம், “மை சன்” என்று சுட்டிக் காட்டினாள்.

2023-இல் அவன் முதல்முறை மீள்பயிற்சிக்குப் போய்வந்தான். இப்போது அவனும் அலுவலகம் போகிறவன், வயிறு கொஞ்சம் வந்துவிட்டது, பச்சைச் சட்டையின் பொத்தானைப் போட மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்த இரவு, பையைக் காலி செய்துகொண்டே சொன்னான்:

“சுவத்துல படம் மாறிடுச்சும்மா. இப்ப கடற்படைக்காரரு. ஏரன் பெங்.”

“அந்தப் பழையவரு?”

“அவரு காலம் முடிஞ்சிருச்சு.”

மனைவி சீருடையைத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பைகளைத் தடவிப் பார்த்து, ஒரு பேனாவையும் இரண்டு வெள்ளி நாணயத்தையும் எடுத்து வெளியே வைத்தாள்.

“அவர டிவியில பாத்திருக்கேன்” என்றாள். “அன்னிக்கு ரொம்பக் களைச்சுப்போயி இருந்தாரு.”